இடது பக்கம் பற்று!

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்களை நான் மூன்று ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் ரகம், ஆப்பிள்காரர்கள். அரை டஜன் ஆப்பிளையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் மேஜை மேல் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அப்ப வரட்டுங்களா' என்று எழுந்துவிடுவார்கள். உத்தமர்கள். இரண்டாவது ரகம், கைவைத்தியக்காரர்கள். 'முதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா, வெறும் வயித்துல கோதுமைப்புல் சாறு குடிக்கச் சொல்லியிருப்பேனே!' மூன்றாவது ரகம்தான் அபாயம். 'எங்க ஒண்ணுவிட்ட நாத்தனாருக்கும் இதேதான்...' என்று ஆரம்பிப்பார்கள். ஆவலோடு முடிவைக் கேட்டால், அந்த நாத்தனார் போன தீபாவளிக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருப்பார்.

2022 ஜூலையில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் இடது மார்பகத்தை எடுத்தார்கள். புற்றுநோய். அப்போது எனக்கு வயது 35. கட்டி ஒரே இடத்தில் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பாற்ற முடியும். எனக்கு மூன்று இடத்தில் இருந்தது. 'முழுசா எடுக்கறதுதான் சேஃப்' என்றார் டாக்டர். 'சரிங்க டாக்டர்' என்றேன். காய்கறிக்காரரிடம் பத்து நிமிஷம் பேரம் பேசுகிறவள், இதற்கு இரண்டே வார்த்தை.

நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாகக் கணக்கு. அவர்களில் ஒருத்தி என்ற முறையில்தான் எழுதுகிறேன். நோயைப் பற்றி டாக்டர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

* * *

வீட்டுக்கு வரும்போது என்னோடு இரண்டு ரப்பர் ட்யூப்களும் வந்தன. தோலுக்கடியில் ஊறுகிற நீர் வடிவதற்காக. ட்யூபின் முனையில் எலுமிச்சம்பழ சைஸில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். நைட்டியில் ஊக்கு போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் குமிழைத் திறந்து, எத்தனை மில்லி என்று அளந்து எழுத வேண்டும். ஒரு நாள் வரவு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் ட்யூபை எடுப்பார்களாம்.

பி.காம். படித்த புத்தி போகுமா? ஒரு நீளமான பேரேட்டு நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, விவரம், தொகை என்று எழுத ஆரம்பித்தேன். 'காலை - 70. மாலை - 55. கூடுதல் 125.' கல்லூரியில் எங்களுக்கு அக்கவுன்ட்டன்ஸி எடுத்த சார் முதல் நாளே சொன்ன பாடம், 'இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.' எனக்கு இடது பக்கம் பற்று எழுதியாகிவிட்டது. வலது பக்கம் வரவு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ட்யூபை எடுக்கப் போனபோது நர்ஸ் என் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். 'உங்களை மாதிரியே ஆபரேஷன் ஆனவங்க ஒருத்தங்க இருக்காங்க. பேச வரச் சொல்லட்டுமா?' என்றார்.

* * *

வந்தவர் 68 வயது. ரிடையர்டு டீச்சர். திண்டுக்கல் பக்கம். காட்டன் சேலை, கையில் மஞ்சள் பை. முதலில் நான் பார்த்தது அவர் மார்பைத்தான். பார்க்காமல் எப்படி இருப்பது? இரண்டும் சமமாகத்தான் தெரிந்தது.

'எந்தப் பக்கம்னு தேடாதம்மா. வலது' என்றார். 'எடுத்து 26 வருசமாச்சு.'

இருபத்தாறு வருஷம்! எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. அதுவரை என் மனசு போட்டுப் பார்த்த கணக்கெல்லாம் 'இன்னும் எத்தனை மாசம்' என்கிற ரீதியிலேயே இருந்தது. எதிரில் ஒரு அம்மாள் கால் நூற்றாண்டைச் செலவழித்துவிட்டு, சர்க்கரை இல்லாமல் காபி கேட்கிறார்.

மஞ்சள் பையைக் கவிழ்த்தார். உள்ளே ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் கயிறு, முன்பக்கம் திறக்கிற இரண்டு லூஸ் ஜாக்கெட், அக்குளில் வைத்துக்கொள்ள இதய வடிவத்தில் ஒரு குட்டித் தலையணை, ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

'பாக்கணுமா?' என்றார்.

எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். எழுந்து கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினார். வலது பக்கம் சமமாக, வழவழவென்று, மடித்து வைத்த பழைய வேட்டி மாதிரி இருந்தது. நடுவில் வெளுத்துப்போன ஒரு கோடு. அவ்வளவுதான். என்னுடையதை நான் அதுவரை பார்க்கவே இல்லை. குளிக்கும்போது கண்ணாடிக்கு ஈரத் துண்டு போர்த்தி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் துண்டை எடுத்தேன்.

டீச்சரம்மாவுக்கு 1996-ல் ஆபரேஷன் ஆனபோது சிலிக்கான் மார்பகமெல்லாம் வாங்கக் கட்டுப்படியாகாது. அவருடைய கணவர் மின்சார வாரியத்தில் லைன்மேன். கோணி ஊசியைத் தவிர வேறு ஊசியைப் பிடித்தறியாத மனிதர், பழைய வேட்டித் துணியில் ஒரு பை தைத்து, கேழ்வரகை நிரப்பிக் கொடுத்தாராம். பஞ்சு வைத்தால் எடை போதாது. ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் லேசுமாக இருந்தால் தோள் சரியும், முதுகு வலிக்கும். எடை சமமாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை.

'ஒரு நாள் மழையில தொப்பலா நனைஞ்சு வந்து, அதைக் கழட்டி மூலையில போட்டுட்டு மறந்துட்டேன். மூணாம் நாள் எடுத்துப் பாக்கறேன்... முளை விட்டிருக்கு!'

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

* * *

டீச்சரம்மாவுக்குத் தெரியாது, அவர் செய்கிற வேலைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது என்று.

டெரீஸ் லாஸர் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. 1952-ல் நியூயார்க்கில் அவருக்கு இதே ஆபரேஷன். கை தூக்குவது எப்படி, என்ன உடை போடுவது, கணவரிடம் என்ன பேசுவது என்று எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. தானே கற்றுக்கொண்டு, மற்ற நோயாளிகளைத் தேடி ஆஸ்பத்திரி வார்டுகளுக்குள் போக ஆரம்பித்தார். சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. அம்மணி விடவில்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தத் திட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் கொண்டுபோன பையிலும் பந்தும் கயிறும்தான்! நியூயார்க்குக்கும் திண்டுக்கல்லுக்கும் யார் தகவல் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் காலத்து ஆபரேஷன் இன்றையதைப் போல இல்லை. 1880-களில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அதற்கடியில் உள்ள மார்புத் தசை, அக்குளின் நிணநீர்க் கட்டிகள் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவார்கள். விலா எலும்பு தெரியும்; கை வீங்கும். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதுதான் வழக்கம். 'இவ்வளவு எடுக்கத் தேவையே இல்லை' என்று பெர்னார்ட் ஃபிஷர் என்ற டாக்டர் 1971-ல் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்களிடம் வரிசையாகப் பரீட்சித்து நிரூபித்தார். எனக்கு மார்புத் தசை மிஞ்சியிருப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகலாம்.

இப்போது பென்சில். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே மேலே நடத்த வேண்டும். வலி தாங்குகிற இடத்தில் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டு ஹால் சுவரில் என் எட்டு வயதுப் பெண்ணின் உயரத்தை வருஷா வருஷம் கோடு போட்டு வைத்திருந்தோம். பக்கத்திலேயே என் கோடுகளும் ஏற ஆரம்பித்தன. 'அம்மா, நீதான் வேகமா வளர்ற' என்றாள். ஏழாவது வாரம் அடுக்களையில் மேல் தட்டு அப்பள டப்பாவை நானே எடுத்தேன். அப்பளம் நமுத்துப் போயிருந்தது, பொரித்துச் சாப்பிட்டோம்.

இன்னொரு விஷயம், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டது. இல்லாத இடத்தில் அரித்தது! மார்பகம் இருந்த இடத்தில், சரியாகக் காம்பு இருந்த இடத்தில் அரிப்பு. சொறிந்தால் வெறும் நெஞ்சு. மூளைதான் கலங்கிவிட்டது என்று நினைத்தேன். டீச்சரம்மாவிடம் போனில் சொன்னதும், 'எனக்கு நாலு வருசம் இருந்துச்சு. நரம்புக்கு இன்னும் தகவல் போய்ச் சேரலம்மா' என்றார். வெட்டுப்பட்ட நரம்புகள் பழைய விலாசத்திலிருந்தே மூளைக்குத் தந்தியடிப்பதால் வருவதாம். அப்புறம் டாக்டரும் அதையேதான் சொன்னார், இங்கிலீஷில்.

எதிர் ஃபிளாட் மாமியும் ஆறுதல் சொன்னார். 'இடது பக்கம்தானேடி? நல்லவேளை! முந்தானை மறைச்சுடும்.' அன்று எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் இதைவிட உபயோகமான ஆறுதலை வேறு யாரும் சொல்லவில்லை.

* * *

ஒவ்வொரு மாசமும் இரண்டாவது சனிக்கிழமை, டீச்சரம்மா வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். ஏழெட்டுப் பேர். பெயர்ப்பலகை, தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. இரண்டே சட்டம்: யாரும் யாருக்கும் மருந்து சொல்லக் கூடாது, 'தைரியமா இரு' என்று சொல்லக் கூடாது. இரண்டாவது சட்டத்தைப் போட்டவர் பூக்கார அக்கா. 'தகிரியமா இரு, தகிரியமா இருன்னு அல்லாரும் சொல்லிச் சொல்லியே எனக்குக் கிலி புட்ச்சிச்சு' என்பார்.

பூக்கார அக்காவுக்கு இரண்டு பக்கமும் எடுத்தாகிவிட்டது. எதையும் வைத்துக்கொள்வதில்லை. 'பாரம் கொறைஞ்சுது கண்ணு. கோடைல வேக்குரு இல்ல' என்று கட்சி கட்டுவார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் எடுத்த அன்றே சிலிக்கான் வைத்துக்கொண்டவள். ஏ.சி. ரூமில் அது மட்டும் ஜில்லென்று இருப்பதாகச் சொல்வாள். பேங்க் அக்கா நூலால் பின்னுவார். பருத்தி நூலில் பின்னி உள்ளே பஞ்சு வைத்த மார்பகம்; பிராவுக்குள் வைத்துக்கொள்ளலாம், துவைக்கலாம், வேர்க்காது. 2011-ல் அமெரிக்காவில் பார்பரா டெமோரெஸ்ட் என்பவர் தொடங்கிய இயக்கம் இப்படிப் பின்னி இலவசமாகவே அனுப்புகிறது. இந்தியாவிலும் பின்னித் தருகிறார்கள். பேங்க் அக்கா சுண்டலும் கொண்டுவருவார்.

மார்பகத்தைத் திரும்ப அமைத்துக்கொள்வதா, வேண்டாமா? என் கேள்வியை அந்த மொட்டை மாடியில்தான் ஆறு மாசம் காயப்போட்டேன்.

வழிகள் இரண்டு. ஒன்று, சிலிக்கான். 1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். 1992-லிருந்து 2006 வரை, பாதுகாப்பு பற்றிய சர்ச்சையில், அழகுக்காக வைத்துக்கொள்வதற்கு அந்த நாட்டிலேயே தடை இருந்தது. புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் அனுமதி. இன்னொன்று, நம் உடம்பிலிருந்தே எடுத்து ஒட்டுப்போடுவது. முதுகுச் சதையை முன்பக்கம் திருப்பிப் போடும் முறையை 1906-லேயே டான்சினி என்ற இத்தாலிய டாக்டர் எழுதியிருக்கிறார். இப்போது அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து, மார்பில் வைத்து, அங்கே இருக்கும் குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கிற நூல் தலைமுடியைவிட மெலிசு. எனக்கு ரேடியேஷன் கொடுத்திருந்தார்கள். ரேடியேஷன் பட்ட தோலுக்குள் சிலிக்கான் வைத்தால் சுற்றிலும் இறுகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால், என் டாக்டரின் ஓட்டு வயிற்றுக்கு.

வயிற்றில் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால், எட்டு மணி நேர ஆபரேஷன். நூற்றில் சிலருக்கு ஒட்டுப்போட்டது செத்துப்போய்விடவும் கூடும். வயிற்றில் இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்குமாக ஒரு தழும்பு. இத்தனைக்குப் பிறகும் வருவது வடிவம் மட்டும்தான். உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. 'உசிரைக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. அப்புறம் எதுக்கும்மா இன்னொரு தடவை கத்தி?' என்றார் என் மாமியார். திட்டவில்லை, பயம். கணவர் 'உன் இஷ்டம்' என்றார். இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, உலகத்திலேயே உதவாத பதில் அதுதான். நான் வேண்டும் என்றால் ஆபரேஷன் பயம். வேண்டாம் என்றால் 'இவருக்கு வேண்டுமோ' என்ற சந்தேகம்.

டீச்சரம்மாவைக் கேட்டேன், 'நீங்க ஏன் பண்ணிக்கல?' 'அப்ப யாரும் கேக்கலம்மா, வேணுமான்னு. இப்ப கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா, கேட்டிருக்கலாம்' என்றார்.

* * *

2023 ஆகஸ்ட் கூட்டத்தில் பேங்க் அக்கா சுண்டல் பாத்திரத்தை வைத்துவிட்டு, 'எனக்குத் திரும்ப வந்திருக்கு. எலும்புல' என்றார். யாரும் பேசவில்லை. கீழே தெருவில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

அவரேதான் தொடர்ந்தார். 'இனிமே நான் வரலாமா? புதுசா வர்றவங்க என்னைப் பாத்தா பயப்படுவாங்களே.'

இது நிஜமான கேள்வி. 26 வருஷத்தைப் பார்த்துத் தெம்பு வாங்க வந்தவர்கள் நாங்கள். அந்தத் தெம்பின் மறுபக்கம் எதிரிலேயே பாயில் உட்கார்ந்திருந்தது. ஐ.டி. பெண் எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள். அப்புறம் இரண்டு மாசம் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பூக்கார அக்காதான், 'நீ வரலன்னா சுண்டல் யாரு கொண்டாருவாங்களாம்?' என்று பாத்திரத்தைத் திறந்தார்.

இப்படி ஒருத்தர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், இழந்த வடிவத்தைத் திரும்ப வாங்குவது பற்றி எந்த வாயால் பேசுவது? நான் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அக்கா விடவில்லை. 'ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்களா?' என்றார். இழுத்தேன். 'என்னைப் பாத்து நிறுத்தினியா? நீ இன்னும் நாப்பது வருஷம் ஜாக்கெட் தைக்கணும்டி. அளவு யோசிக்க வேண்டாமா?'

அதற்குள் இன்ஷூரன்ஸ்காரர்களின் கடிதம். 'இது அழகு சிகிச்சை. பணம் தர இயலாது.' அவர்கள் யாரிடம் மோதுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பாலிசிப் புத்தகத்தைப் பொடி எழுத்து வரை படிக்கிற பி.காம். பட்டதாரி நான். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த விதிவிலக்குப் பட்டியலில், அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று இருக்கிறது. அதே வாக்கியத்தில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அது பொருந்தாது என்றும் இருக்கிறது. பேங்க் அக்காவும் நானும் உட்கார்ந்து அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் பதில் எழுதினோம். டிராஃப்ட் முழுக்க அக்காவுடையது. முப்பது வருஷம் பேங்கில் கடன் கேட்டு வந்தவர்களுக்கு எழுதிய கை. ஐந்து வாரத்தில் பணம் கிடைத்தது. இதைப் படிக்கிற யாருக்காவது அதே கடிதம் வந்திருந்தால், தயவுசெய்து பாலிசியை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள்.

2024 ஜனவரியில் ஆபரேஷன். முதல் ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, ஒரு பேனா மாதிரிக் கருவியை வைத்துப் புது மார்பில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார். 'உஷ்... உஷ்...' என்று, தூரத்தில் துணி துவைக்கிற மாதிரி. பத்து நாள் நிமிர முடியாமல் கேள்விக்குறி மாதிரி நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, 'தொப்பையும் போயிடுமா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?' என்றார்.

அக்கா ஒரு முறை பார்க்க வந்தார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. 'காட்டு' என்றார். காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆடிட்டர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். 'டேலி ஆகல. அரை இஞ்ச் வித்தியாசம்' என்றார். நிஜம்தான், இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஜூனில் அக்கா போய்விட்டார். ஜூலைக் கூட்டத்துக்கு அவர் பின்னி முடித்திருந்த பதினோரு மார்பகங்களை அவருடைய பையன் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சுண்டல் நான் செய்தேன். உப்பு போதவில்லை என்றார்கள்.

* * *

எனக்கு இப்போதும் இடது பக்கம் சூடு தெரியாது. வெந்நீர்ப் பை ஒத்தடம் கூடவே கூடாது என்று ஐ.டி. பெண்தான் எச்சரித்தாள், தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியுமாம். (அவள் திரும்ப வந்துவிட்டாள். வந்த அன்று பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.) சில நாள் இது என் உடம்பு மாதிரி இருக்கிறது. சில நாள் யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கிறது. பூக்கார அக்கா அடிக்கடி தொட்டுப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தாங்கீது. எனக்கு வேணாம்' என்பார்.

டீச்சரம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியவில்லை. போன மாசம் மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து, 'நீ போய்ட்டு வா' என்றார்.

வார்டில் இருந்தவருக்கு 42 வயது. தையல் போட்டு மூன்றாவது நாள். பந்து, கயிறு, பென்சில் எதையும் அவர் பார்க்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்றுதான் தேடினார். சொன்னேன்.

'உங்களுக்கு இடது. முந்தானை மறைச்சிடும். எனக்கு வலதுங்க. அடுத்த மாசம் தங்கச்சி பொண்ணு கல்யாணம். நான் என்ன பண்றது?'

எதிர் ஃபிளாட் மாமியும் இதற்கு வழி சொல்லவில்லையே! ஒரு நிமிஷம் யோசித்தேன். குஜராத்திக்காரர்கள் முந்தானையைப் பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, நெஞ்சு முழுக்க விரித்துச் செருகுவார்கள். சேலைக்கு எங்கே போவது? கட்டிலில் இருந்த ஆஸ்பத்திரிப் பெட்ஷீட்டை உருவி, என் சுடிதார் மேலேயே சுற்றிக் கொசுவி, கட்டிக் காட்டினேன். 'பின்னாடி திரும்புங்க' என்றார். திரும்பினேன். 'மறுபடி முன்னாடி.' அப்போது பார்த்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், கதவிலேயே நின்றுவிட்டார்.

'ஒரு நிமிஷம் வெளில இருங்க டாக்டர்' என்றார் அந்த அம்மாள். 'ஊக்கு எங்க குத்தறதுன்னு இன்னும் சொல்லல.'